குறியும் கொள்ளையும்: கரவெட்டியின் கால்நடைகளும் இலங்கைச் சட்டமும்

கரவெட்டியைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. அதன் கல்வி மரபு, கோயில்கள், நாடக முயற்சிகள், இடதுசாரி இயக்கம் ஆகியன பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையாவைப் பருத்தித்துறைத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பியமை வடமராட்சியின் அரசியல் வரலாற்றிலே பெரிதும் பேசப்படும் ஒரு நிகழ்வாகும். ஆயின் இக்கல்வியையும் அரசியலையும் தாங்கிநின்ற வேளாண்மைப் பொருளாதாரத்திலே மனிதனோடு தோளிணையாக உழைத்த மாட்டுக்கு வரலாற்றெழுத்தில் இடமில்லை. சவாரித் திடலிலும் பட்டிப் பொங்கலிலும் அதனை நினைவுகூர்வதோடு நாம் அமைந்துவிடுகின்றோம்.

மாட்டை அடையாளப்படுத்துவதற்கும் அதன் நோயைக் கட்டுப்படுத்துவதற்கும் அரசு இயற்றிய விதிகள், கரவெட்டி போன்றதொரு கிராமத்தில் எவ்வாறு பொருள்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழிலே 'கொள்ளை' என்னும் சொல் பிறர் பொருளைப் பறித்தலையும், உயிர்களைப் பெருவாரியாக வாரிச்செல்லும் நோயையும் ஒருங்கே குறிக்கும். இலங்கையின் கால்நடைச் சட்டங்கள் இவ்விரு கொள்ளைகளையும் எதிர்கொள்ளவே பிறந்தன. ஆயினும் களவைத் தடுக்கும் சட்டமும் நோயைத் தடுக்கும் சட்டமும் நெடுங்காலம் தனித்தனி வழியிற் சென்றன. முதலாவது சட்டம் மாட்டின் உடைமையாளனை அறிந்திருந்தது. இரண்டாவது சட்டம் மாட்டின் நோயை அறிந்திருந்தது. மாட்டை நாள்தோறும் கட்டி அவிழ்த்து வளர்த்தவனை இரண்டுமே அறிந்திருக்கவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

1. மாடும் மண்ணும்

குடாநாட்டின் ஏனைய பகுதிகளிற் போலவே வடமராட்சியிலும் ஆறென்று சொல்லத்தக்க நன்னீர் ஓட்டம் இல்லை. சுண்ணக் கல்லின் மேற் படிந்த மெல்லிய மண்ணும், கிணற்று நீரும், மாரி மழையுமே பயிர்ச்செய்கையின் ஆதாரங்கள். மழையை நம்பிய காலபோக நெல்லும், கிணற்றை நம்பிய புகையிலை, வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களும் இங்குள்ள வேளாண்மையின் இரு பிரிவுகள். இம்மண் தானாக விளைவதன்று. ஆண்டுதோறும் எருவிட்டு வளமூட்டினாலன்றிப் புகையிலை தேறாது. ஆதலால் மாட்டுப்பட்டியையும் ஆட்டுப்பட்டியையும் தோட்டத்தில் அடைத்து மண்ணுக்கு உரமேற்றும் வழக்கம் இங்கு வேரூன்றியது. பாலைக் காட்டிலும் எருவே மாட்டின் முதற்பயன் என்று கூறத்தக்க நிலை பல குடும்பங்களில் இருந்தது. உழவும், வண்டிப் பாரமும், மாடு பூட்டிய சூத்திரத்தால் நீரிறைப்பும் அடுத்து வந்தன.

மேய்ச்சல் நிலமோ சுருங்கியது. வீட்டு வளவுகள் கிளுவையும் பூவரசும் நட்ட வேலிகளால் அடைக்கப்பட்டவை. அறுவடைக்குப் பின்னரான வயல்களும், மேற்கே வல்லைவெளி போன்ற தரவைகளுமே மந்தை திரியத்தக்க இடங்கள். பயிர்க் காலத்தில் மாடு கட்டையிற் கட்டப்பட்டு, வைக்கோலும் கிழித்த பனையோலையும் தவிடும் தின்று வாழ்ந்தது. கட்டறுத்துத் திரியும் மாட்டைக் 'கட்டாக்காலி' என்பர். நெருங்கிய வேலிகளும் சிறு தோட்டங்களும் கொண்ட ஊரில் கட்டாக்காலி மாடு அயலவர் பகைக்கு வித்தாயிற்று. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் கட்டளைச் சட்டம் இத்தகைய பிணக்குகளைத் தீர்ப்பதற்கென எழுந்ததே. கால்நடை பற்றிய சட்டத்தோடு சாதாரணக் குடியானவன் முதன்முதலாக முட்டிக்கொண்ட இடம், பெரும்பாலும் அயலவனின் புகையிலைத் தோட்டமே எனலாம்.

மாடு யாருடையது என்ற வினாவுக்கு எளிய விடை இல்லை. நிலத்தைப் போலவே மாடும் வாரத்துக்கு விடப்பட்டது. உடையவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர். கன்றையோ பயனையோ இருவரும் பங்கிட்டுக்கொண்டனர். மாட்டுக்கு நோய்வந்து இறந்தால் உடையவர் தம் முதலை இழப்பார். வளர்த்தவரோ தம் உழைப்பையும் எருவையும் வரவிருந்த கன்றின் பங்கையும் இழப்பார். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் தொழில், சாதியமைப்பினால் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. நோய்பட்ட உடலைத் தொட்டவர்களும் அதனாலே இழிவுபடுத்தப்பட்டவர்களும் அவர்களே. கால்நடைச் சட்டத்தை ஆராயும்போது இம்மூவகை மனிதரையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

2. குறி

ஆநிரை கவர்தலும் மீட்டலும் தமிழ் இலக்கிய மரபிலே வெட்சி, கரந்தை எனத் திணை வகுக்கத்தக்க அளவுக்கு முதன்மை பெற்றிருந்தன. நிரையே செல்வமாக இருந்த சமூகத்தில், அதனைத் தன்னதென்று காட்டும் அடையாளம் இன்றியமையாதது. காய்ச்சிய இரும்பினாற் குறிசுடுதல் அவ்வடையாளம். உடையவரின் பெயரெழுத்துகளும் குலத்தைச் சுட்டும் வடிவங்களும் இலங்கையின் மாட்டுக்குறிகளில் இடம்பெற்றன. எனவே குறி மாட்டின் மேல் எழுதப்பட்டிருந்தாலும் அது பேசியது மனிதனைப் பற்றியே. சமூகப் படிநிலையை மாட்டின் தோலிலும் வாசிக்கலாம் என்றிருந்த காலம் அது.

குறிசுடுதலுக்கு இன்னொரு பயனும் உண்டு. நோய்கண்ட மாட்டுக்கும், நோய் வராதிருக்க வேண்டுமென்று நலமான மாட்டுக்கும், உடலின் குறித்த இடங்களிற் சூடு வைப்பது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பரவலாக வழங்கிய வைத்தியமுறை. மாட்டு வாகடம் என்ற பெயரால் வழங்கும் நூல்மரபு கால்நடை வைத்தியம் ஒரு தனித்துறையாக வளர்ந்திருந்ததை உணர்த்துகின்றது. அச்சூடுகள் நோயைத் தீர்த்தனவா என்பது வேறு வினா. கொடிய தொற்றுநோய்களை அவை தடுத்திருக்க இயலாது. வரலாற்று நோக்கிற் கவனிக்கத்தக்கது யாதெனில், ஒரே இரும்பு உடைமைக்கும் உடல்நலத்துக்கும் பயன்பட்டது என்பதாகும். மாட்டின் உடலை நோக்கும் ஒருவன், அது யாருடையது என்பதையும் முன்னர் எதற்காகப் பராமரிக்கப்பட்டது என்பதையும் ஒருங்கே அறியக்கூடியவனாக இருந்தான். பின்வந்த சட்டம் இவ்விரண்டையும் பிரித்து, முதலாவதை மட்டும் தனதாக்கிக்கொண்டது.

ஒல்லாந்த ஆள்பதி சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் முதுசம், சீதனம், ஈடு, விற்பனை முதலிய வழக்குகளை எழுத்தில் வடித்தது. நிலமும் தோட்டமும் கால்நடையும் அடிமைகளும் அங்கு உடைமைப் பொருள்களாகவே நோக்கப்படுகின்றன. பிரித்தானியர் 1806இல் இதற்குச் சட்ட வலு அளித்தனர். அடிமைமுறை 1844இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மனிதன் அப்பட்டியலிலிருந்து நீங்கினான், மாடு எஞ்சியது. தேசவழமை காட்டும் உலகில், கால்நடை என்பது கைமாறத்தக்க சொத்து. அதன் நோய் சமூகத்தின் பொதுக் கவலையாக இன்னும் உருவெடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் குடியேற்ற அரசு மாட்டுக் களவைத் தடுக்கும் பொருட்டுக் குறிசுடுதலையும் உரிமைச் சீட்டையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மாடு விற்கப்படும்போது சீட்டும் கைமாற வேண்டும். குறியும் சீட்டும் ஒத்துவராத மாடு ஐயத்துக்குரியது. இப்பணியில் அரசின் கண்ணாகவும் கையாகவும் அமைந்தோர் கிராமத் தலைமைக்காரர். மணியகாரன், உடையார், விதானை என்னும் படிநிலை யாழ்ப்பாணத்தில் நிலவுடைமை பெற்ற உயர்சாதியினரைச் சார்ந்திருந்தது. வாரத்துக்கு மாடு வளர்த்த ஏழை ஒருவனிடம் மாடு இருந்தது. குறியும் சீட்டும் உடையவர் பெயரில் இருந்தன. சான்றுரைக்க வேண்டிய விதானையார் உடையவரின் உறவினராகவோ நண்பராகவோ இருத்தல் இயல்பு. எனவே குறி களவைத் தடுத்த அதே வேளையில், வளர்த்தவனின் உரிமையைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தது.

3. கொள்ளை

மாடுகளைத் தாக்கிய நோய்களுள் மிகக் கொடியது ரிண்டர்பெஸ்ட் என ஆங்கிலத்தில் வழங்கியது. தமிழகத்தார் இதனை வெக்கை நோய் என்பர். கடுங் காய்ச்சல், வாய்ப்புண், கண்ணீரும் மூக்குநீரும் வடிதல், ஓயாத கழிச்சல் ஆகியன தோன்றிச் சில நாள்களில் மாடு இறந்துவிடும். மனிதரின் சின்னமுத்து நோயை உண்டாக்கும் வைரசுக்கு நெருங்கிய இனமான ஒரு வைரசே இதற்குக் காரணம். நோய்கண்ட மாட்டோடு நெருங்கிப் பழகும் மாட்டுக்கே இது பெரும்பாலும் தொற்றும். உடலுக்கு வெளியே அவ்வைரசு நெடுநேரம் வாழாது. பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுவதும் இந்நோய் மீண்டும் வராது. ஆகவே நோயுற்ற மந்தையின் நடமாட்டத்தை நிறுத்தினால் நோயையும் நிறுத்தலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டங்கள் யாவும் இவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டவை.

பிரித்தானியாவில் 1865-66இல் இந்நோய் பரவியபோது, 1866ஆம் ஆண்டுச் சட்டம் நோயுற்ற மாடுகளைக் கொல்லவும் அதற்கு உடையவருக்கு இழப்பீடு வழங்கவும் வகைசெய்தது. இந்தியாவில் 1869இல் மாட்டுக் கொள்ளைநோய் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 1871இல் அதன் விசாரணைகள் நிறைவுற்றன. 1880களின் பிற்பகுதியில் ஆபிரிக்காவிற் புகுந்த இந்நோய், எதியோப்பியாவில் மாடுகளிற் பெரும்பாலானவற்றை அழித்து, ஏர்பூட்ட மாடின்றிப் பெரும்பஞ்சத்துக்கு வழிகோலியது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசில் நோக்கிச் சென்ற மாடுகள் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் தங்கியபோது ஐரோப்பாவில் நோய் மீண்டும் தோன்றியது. அதன் விளைவாக 28 நாடுகள் 1924 ஜனவரி 25இல் பாரிசு நகரில் உடன்படிக்கை செய்து சர்வதேச விலங்குநோய் அலுவலகத்தை நிறுவின. விலங்கு நலத்துக்கான உலக நிறுவனம் என இன்று அறியப்படுவது அதுவே.

இலங்கையிலே இந்நோய் குறித்து அரசு கவலைகொண்டமைக்குத் தோட்டப் பொருளாதாரம் ஒரு முக்கிய காரணம். 1867இற் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை மலைநாட்டின் கோப்பி மாட்டுவண்டிகளிலேயே கொழும்புக்கு இறங்கியது. தென்னிந்தியாவிலிருந்து மாடுகள் வந்தன. அவற்றோடு நோயும் வந்தது. வண்டி மாடுகள் மடிந்தபோது கோப்பி வழியில் தேங்கியது. குடியானவனின் உழவுமாடு இறந்தால் ஒரு குடும்பம் கடனாளியாகும். வண்டிமாடு இறந்தால் ஏற்றுமதி தடைப்படும். சட்டத்தை விரைவுபடுத்தியது இரண்டாவது இழப்பே எனக் கருதலாம். 1909ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்குகளின் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம், நோயை அறிவிக்கும் கடமையை உடையவர் மீது சுமத்தி, நோய்ப் பிரதேசங்களைப் பிரகடனப்படுத்தவும் மாடுகளின் நடமாட்டத்தைத் தடைசெய்யவும் அதிகாரமளித்தது.

இச்சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதற்கு நன்கு பதிவுசெய்யப்பட்ட சான்று தென்னிலங்கையிலிருந்து கிடைக்கின்றது. 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப், 1908இல் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபரானார். அங்கு அவர் காலத்தில் இந்நோய் பரவியது. மாடுகளைக் கட்டிவைக்கவோ வேலிக்குள் அடைக்கவோ வேண்டுமென்றும், கட்டின்றித் திரிபவை சுடப்படுமென்றும் ஆணை பிறந்தது. தாமே துப்பாக்கியோடு கிராமந்தோறும் சென்றதையும் மக்களின் வெறுப்பையும் அவர் தம் நாட்குறிப்புகளிலும் 1961இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலும் பதிந்துள்ளார். நோயியல் நோக்கில் அவ்வாணை தவறன்று. ஆயின் காட்டையும் தரவையையும் நம்பி மந்தையை மேயவிட்டு வாழ்ந்தவனுக்கு, மாட்டைக் கட்டிவை என்னும் ஆணை பட்டினி போடு என்னும் ஆணையாகவே பட்டது. கட்டிய மாட்டுக்குப் புல் யார் கொடுப்பது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

கரவெட்டியின் நிலை இதனின்றும் வேறுபட்டது. இங்கு மாடு ஏற்கெனவே கட்டையில் இருந்தது. வடமராட்சியை வலிகாமத்திலிருந்து தொண்டைமானாற்று நீரேரியும் வல்லைவெளியும் பிரிக்கின்றன. தெற்கே கொடிகாமத்து வழி தென்மராட்சியோடு இணைக்கின்றது. குடாநாட்டுக்கு மாடுகளை அனுப்பிய வன்னிக்கோ ஆனையிறவு ஒன்றே பிரதான தரைவாயில். இத்தகைய நில அமைப்பு நோய்த்தடைக்கு இயல்பாகவே உகந்தது. வாயிற் காவல் எளிது, கட்டுத்தறியும் பழக்கமானது. எனவே குடாநாட்டிற் சட்டம் சந்தித்த தடை மேய்ச்சலன்று, மறைப்பு. நோயை அறிவித்தால் எரு விற்பனையும் மாட்டுச் சந்தையும் வண்டித் தொழிலும் நிற்கும். அறிவிக்காவிடின் இரவோடிரவாக மாட்டை விற்று முதலையாவது மீட்கலாம். வாரத்துக்கு வளர்ப்பவனுக்கோ அறிவிக்கும் உரிமையே தெளிவாக இல்லை, ஏனெனில் சட்டம் கடமையை உடையவர்மேல் வைத்தது. நேர்மையாளனுக்கு நட்டமும் மறைப்பவனுக்கு நயமும் தரும் ஏற்பாடு எதுவும் நோயைக் கட்டுப்படுத்துவதில் நிலைத்த வெற்றி பெற இயலாது.

இத்தடைகளுக்கிடையிலும் 1946ஆம் ஆண்டோடு இலங்கை இந்நோயிலிருந்து விடுபட்டது. இந்தியாவின் முக்தேசர் ஆய்வுகூடத்தில் 1920களில் ஆட்டின் உடலிற் செலுத்தி வலுக்குறைத்து உருவாக்கப்பட்ட தடுப்பு மருந்து அக்காலத்தில் ஆசியாவெங்கும் பயன்படத் தொடங்கியிருந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு என்பதும் இலங்கைக்குச் சாதகமாயிற்று.

4. இரு ஏடுகள்

சுதந்திரத்தின் பின்னர் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதல், கால்நடைகளை இடம்விட்டு இடங்கொண்டு செல்லுதல், அறுத்தல் முதலிய விடயங்களை ஒருங்கிணைத்தது. நோய் பற்றிய 1909ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதற்குப் புறம்பாகத் தொடர்ந்தது. இவ்வாறு ஒரே மாட்டுக்கு இரு ஏடுகள் உண்டாயின. முதலாவது உடைமை ஏடு, கிராம உத்தியோகத்தரிடமும் பொலிசாரிடமும் இருந்தது. இரண்டாவது நோய் ஏடு, மிருக வைத்தியரிடம் இருந்தது. இரண்டையும் ஒப்புநோக்கி, இம்மாடு எங்கிருந்து வந்தது, எம்மந்தையோடு கலந்தது, எத்தடுப்பூசி பெற்றது என்று கூறத்தக்க ஒழுங்கு உருவாகவில்லை. நோய் நாட்டில் இல்லாதிருந்த நான்கு தசாப்தங்களில் அதன் தேவையும் உணரப்படவில்லை.

1963இல் விதானைமார் முறை நீங்கிக் கிராமசேவகர் முறை வந்தது. பரம்பரைச் செல்வாக்குக்குப் பதிலாகப் பரீட்சைத் தகுதி பதவிக்கு அடிப்படையானமை முற்போக்கான மாற்றமே. எனினும் ஏட்டின் இயல்பு மாறவில்லை. அதே காலத்தில் நீரிறைக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் இரசாயன உரமும் குடாநாட்டுத் தோட்டங்களை அடைந்தன. மாட்டின் பழைய பயன்கள் குறைய, பாலே முதன்மை பெற்றது. கலப்பினப் பசுக்கள் தொழுவங்களை நிரப்பின. 1978இல் விலங்கு உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் தனித் திணைக்களமாக உருப்பெற்றது. உழவுமாட்டுக்கென எழுந்த குறி பாற்பசுவுக்குப் பொருந்தவில்லை. பாற்பசுவின் தோலைச் சுட எவரும் விரும்புவதில்லை. அதன் பெறுமதி தங்கியிருப்பது அதன் பரம்பரையிலும் உடல்நலத்திலும் ஆகும். அவ்விரண்டையும் பழைய குறி பதியவில்லை.

5. குறியற்ற ஆடு

1987ஆம் ஆண்டு வடமராட்சியின் வரலாற்றில் ஆழமாகப் பதிந்தது. மே மாத இறுதியிற் தொடங்கிய இராணுவ நடவடிக்கையினால் மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடினர். கட்டவிழ்த்து விடப்பட்ட மாடுகள் உடையவரின்றித் திரிந்தன. ஜூலை 29இல் இந்திய-இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாகி, இந்திய அமைதி காக்கும் படை வடக்குக் கிழக்கில் இறங்கியது. அப்படையின் உணவுத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவில் இல்லாதிருந்த ரிண்டர்பெஸ்ட் மீண்டும் புகுந்து, மாடுகளையும் எருமைகளையும் தாக்கியது.

இந்நிகழ்வு சட்டத்தின் வரம்புகளைத் துலக்கமாகக் காட்டுகின்றது. முதலாவதாக, நோய் வந்தது ஆட்டின் வழியாக. குறியும் சீட்டும் மாட்டையும் எருமையையும் கருதி எழுந்தவை. அறுப்புக்கென வரும் ஆட்டுக்குப் பெயரும் இல்லை, ஏடும் இல்லை. ஆட்டிலே இந்நோய் வெளிப்படையாகத் தோன்றாமலே இருந்து மாட்டுக்குத் தொற்றக்கூடியது என்பது அவ்வாபத்தைப் பன்மடங்காக்கிற்று. இரண்டாவதாக, நோய் வந்தது படையின் வழியாக. களவெடுப்பவனையும் வியாபாரியையும் வாயிலில் மறிக்க வல்ல சட்டம், ஒரு பேரரசின் உணவுக் கப்பலை மறிக்க வல்லதாக இருக்கவில்லை. மூன்றாவதாக, நோய் பரவிய பிரதேசத்தில் கிராம உத்தியோகத்தரும் மிருக வைத்தியரும் தத்தம் கடமையைச் செய்யும் சூழ்நிலை குலைந்திருந்தது.

இதே உடன்படிக்கையின் பயனாக அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம், கால்நடை வளர்ப்பையும் மாகாணத்துக்குள் விலங்கு நோய்களைத் தடுப்பதையும் மாகாண சபைகளுக்கு உரியனவாக்கியது என்பது வரலாற்றின் முரண்நகை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அவ்வாண்டினதே. அதிகாரம் காகிதத்தில் ஊரை நோக்கி இறங்கிவந்த அதே ஆண்டில், நோய் கப்பலிலிருந்து இறங்கியது. வடக்கு மாகாண சபைக்கான முதற்தேர்தலோ 2013 செப்டெம்பரிலேயே நடைபெற்றது.

1990 மார்ச்சிற் படை வெளியேறியது, நோய் எஞ்சியது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. தடுப்பூசி இயக்கத்தின் பயனாக 1994ஓடு இலங்கையில் இந்நோய் இறுதியாக ஒழிந்தது. இந்தியாவில் அடுத்த ஆண்டே அது மறைந்தது. 2011 மே மாதத்தில் உலகிலிருந்தே இந்நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின்னர் மனித முயற்சியால் உலகிலிருந்து அற்றுப்போன இரண்டாவது நோய் இது. போர் நடந்த மண்ணிலும் தடுப்பூசிப் பெட்டியோடு ஊரூராகச் சென்ற வைத்தியர்களும் உதவியாளர்களும் இவ்வெற்றியின் பங்காளிகள். அவர்களுடைய வரலாறும் எழுதப்படவேண்டியது.

போர்க்காலம் மாட்டுக்குப் பழைய இடத்தை ஓரளவு மீட்டுத் தந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. எரிபொருளும் இரசாயன உரமும் வடக்குக்குத் தடைசெய்யப்பட்டபோது எருவும் ஏரும் வண்டியும் மீண்டும் பெறுமதி பெற்றன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது, மாட்டை அவிழ்த்துவிட்டோரும் உண்டு. கூடவே ஓட்டிச்சென்றோரும் உண்டு. அனுமதிச் சீட்டின்றி மாடு எல்லை கடக்கலாகாது என்னும் விதி அவ்விரவில் எவருக்கும் நினைவில் இருந்திருக்க முடியாது.

6. காதடையாளம்

அண்மைக் காலத்தில் குறியின் இடத்தைக் காதிற் பொருத்தும் இலக்கத் தகடு பெற்றுவருகின்றது. சுடும் இரும்போடு ஒப்பிட மாட்டுக்கு நோவு குறைவு. பாற்பசுவின் பெறுமதியையும் அது குறைப்பதில்லை. ஆயினும் இம்மாற்றத்தின் உட்பொருள் அதனினும் பெரிது. பழைய குறி, இம்மாடு இன்னாருடையது என்றது. இலக்கத் தகடோ, இம்மாடு இன்னது என்கின்றது. அதன் பிறப்பு, சினைப்படுத்தல், தடுப்பூசி, இடமாற்றம் யாவற்றையும் அவ்விலக்கத்தின் கீழ்ப் பதியலாம். இரு ஏடுகளும் ஓர் ஏடாகும் வாய்ப்பு முதன்முதலாக இங்குதான் தோன்றுகின்றது.

இவ்வாய்ப்பின் தேவையை 2020ஆம் ஆண்டு உணர்த்தியது. முந்திய ஆண்டு இந்தியாவையும் வங்காளதேசத்தையும் அடைந்திருந்த தோற்கழலை நோய் அவ்வாண்டில் இலங்கையில் முதன்முறையாகத் தோன்றி, வட மாகாணத்து மாடுகளைத் தாக்கியது. உடலெங்கும் கட்டிகள் எழுந்தமையால் மக்கள் இதனையும் அம்மை என்றே கொண்டனர். கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் உண்ணிகளும் இதனைப் பரப்புவதால், கட்டையிற் கட்டிவைத்தல் மட்டும் இதற்குத் தடையாகாது. அம்பாந்தோட்டையில் வூல்ஃபின் துப்பாக்கி காத்த விதி இங்கு பயன்படாது. எம்மந்தையில் எப்போது தோன்றியது, எம்மாடு தடுப்பூசி பெற்றது, எது எங்கு விற்கப்பட்டது என்னும் செய்திகளே இங்கு ஆயுதம். அச்செய்திகள் வரவேண்டிய இடம் தொழுவம். அவற்றைத் தரவேண்டியவர் மாட்டை வளர்ப்பவர். பல குடும்பங்களில் அவர் ஒரு பெண்.

பழைய ஏட்டின் குறை புதிய ஏட்டிலும் தொடரலாகாது என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. இலக்கத் தகட்டின் எதிரே உடையவர் பெயர் மட்டும் எழுதப்படுமாயின், அது பிளாஸ்டிக்கினாலான பழைய குறியேயாகும். வாரத்துக்கு வளர்ப்பவரின் பெயரும் அங்கு பதியப்படவேண்டும். நோயை அறிவிக்கும் கடமையோடு அதற்கான உரிமையும், இழப்பீடு வழங்கப்படும்போது அதிற் பங்கும் அவருக்கு உரியனவாக வேண்டும். ஆட்டுக்கும் அவ்வேட்டில் இடம் வேண்டும். வறிய குடும்பத்தின் சேமிப்பு மாட்டைவிட ஆட்டிலேயே பெரும்பாலும் தங்கியிருக்கின்றது. 1987இல் நோய் நுழைந்த வாயிலும் அதுவே. ஏட்டை நம்பிக்கையோடு பேணக் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்களும் பிரதேச சபையும் மிருக வைத்தியரோடு இணைதல் பொருத்தமானது. களவும் கட்டாக்காலிப் பிணக்கும் அங்கேயே தீர்க்கப்படுமானால், ஏடு தண்டனைக்கு உரியது என்னும் அச்சம் ஊரில் தணியும்.

குறிசுட்ட இரும்பு ஒரு காலத்தில் உடைமையையும் நலத்தையும் ஒருசேரக் கருதியது என்பதை மேலே கண்டோம். அதன் வைத்தியம் காலத்தால் தள்ளப்பட்டது. ஆயினும் மாட்டை அடையாளப்படுத்துவது அதனைப் பேணுவதற்காகவே என்னும் எண்ணம் அதில் இருந்தது. குடியேற்ற அரசின் சட்டம் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, ஒரு கொள்ளைக்கு மட்டுமே காவல் வைத்தது. மற்றைக் கொள்ளை வந்த ஒவ்வொரு முறையும் முதலில் அறிந்தவன் தொழுவத்தில் நின்றவனே. அவன் அறிந்ததைத் துணிந்து சொல்லத்தக்க நிலையை உண்டாக்குவது, கரவெட்டியிலும் ஏனைய ஊர்களிலும் இன்னும் செய்துமுடிக்கப்படாத பணியாகும்.